முதியவர் வேடம்



2024-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், கல்லூரியில் பயிலும் என் பேத்தி எங்களுடன் வந்து தங்கியிருந்தாள். பகலெல்லாம் கைப்பேசியும் கையுமாகவே இருந்தாள். அப்படி என்னதான் பார்க்கிறாள் என்று அறிய ஒருநாள் அவள் அருகில் சென்று அமர்ந்தேன். அது கொரிய நாட்டுத் தொலைக்காட்சி நாடகம். 1958-ஆம் ஆண்டில் நிகழ்வதாக அமைந்த துப்பறியும் கதை. துடிப்பு மிக்க ஓர் இளைஞர் கதாநாயகர். அவருடைய பெயர், வயது, இதற்குமுன் அவர் நடித்தவை ஆகிய யாவும் பேத்திக்கு மனப்பாடம். முதற் பகுதியில் ஒரு முதியவர் தளர்ந்த நடையுடன் காவல் நிலையத்துக்குள் வருகிறார். சில நிமிடங்கள் தோன்றி மறைகிறார். "இவர் யாரம்மா?" என்று கேட்டேன். "யாரோ ஒரு தாத்தா. கதாநாயகன் வயதானபின் இப்படி இருப்பாராம்" என்றாள்.

யாரோ ஒரு தாத்தா என்று அவள் சொன்னது என் மனத்தில் சற்றே தைத்தது. நானும் ஒரு தாத்தா அன்றோ! அந்த முகத்திலோ, ஏதோ ஒன்று என்னை விட்டு அகலவில்லை. நாற்பதாண்டுக் காலம் பிறர் பிள்ளைகளின் முகங்களைப் பார்த்துப் பழகியவன் நான். முகத்தைப் படிக்கும் பழக்கம் ஓய்வு பெற்றபின்னும் போவதில்லை. அவர் யார் என்று தேடிப் படிக்கலானேன். அதன் பயனாக அறிந்தவற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். உங்களுள் பலர் கொரிய நடிகர்களின் பெயர்களை நம் சங்கப் புலவர்களின் பெயர்களைவிட நன்கு அறிவீர்கள் என்பது எனக்குத் தெரியும். அதைக் குறையாகக் கூற நான் வரவில்லை. ஆனால் நீங்கள் அறிந்த இளம் நடிகர்களுக்கெல்லாம் முன்னோடியாக நின்ற இந்தப் பெரியவரை அறியாமல் இருப்பது ஒரு குறையே.

அவர் பெயர் சோய் புல்-ஆம். 'புல்' என்றால் நம் காதில் தரையில் முளைக்கும் புல்லாக ஒலிக்கும். அவர்கள் மொழியில் அதற்குப் புத்தர் என்று பொருள். 'ஆம்' என்பது பாறை. புத்தர் பாறை! சியோல் நகரத்தின் வடகிழக்கில் அப்பெயருடைய மலை ஒன்று இருக்கிறது. இது நாடக மேடைக்காக அவர் சூடிக்கொண்ட பெயர். பெற்றோர் இட்ட பெயர் சோய் யோங்-ஹான். 1940-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் நாள், கடற்கரைத் துறைமுகமான இன்ச்சோன் நகரில் பிறந்தார். கொரியா அப்போது ஜப்பானின் ஆட்சியில் இருந்தது.

தந்தை திரைப்படத் தயாரிப்பில் ஈடுபட்டவர். 1948-ஆம் ஆண்டில், தாம் தயாரித்த படம் திரைக்கு வரும் தறுவாயில் அவர் இறந்துபோனார். மகனுக்கு அப்போது எட்டு வயது. இரண்டு ஆண்டுகள் கழித்துக் கொரியப் போர் மூண்டது. போர் ஓய்ந்தபின் தாயார் சியோல் நகரின் மியோங்-தோங் பகுதியில் ஒரு சிறு கடை வைத்தார். 'உன்சோங்' என்பது அதன் பெயர். வெள்ளி விண்மீன் என்று பொருள். என்ன கடை என்கிறீர்களா? மாணவர்களிடம் சொல்வதற்குத் தலைமையாசிரியனாகிய என் நா சற்றுத் தயங்குகிறது. அது மதுக்கடை. மக்கொல்லி என்னும், அரிசியில் வடித்த வெண்ணிறக் கள் விற்கும் கடை. கைம்பெண்ணொருத்தி ஒரே மகனை வளர்க்க, போர் சிதைத்த நகரில் வேறு வழி காணவில்லை.

ஆனால் அந்தக் கடையைக் கொரிய இலக்கிய வரலாறு மறக்கவில்லை. கவிஞர் பாக் இன்-ஹ்வான், கவிஞர் கிம் சூ-யோங் முதலியோரும், ஓவியர், இசைவாணர், நாடகக்காரர் எனப் பலரும் மாலைதோறும் அங்கே கூடினர். அவர்களுள் பெரும்பாலோரிடம் பணம் இல்லை. கடன் மட்டுமே இருந்தது. தாயார் மறைந்தபின் அந்தக் கடன் கணக்கு ஏட்டை மகன் எடுத்துப் பார்த்தாராம். அதில் யார் பெயரும் இல்லை! ஒவ்வொருவருக்கும் அம்மையார் தாமே வைத்த அடையாளப் பெயர்களே இருந்தன. அவரைத் தவிர வேறு எவராலும் அவை இன்னார் என்று அறிய இயலவில்லை என்று மகன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். கடன்பட்டவர்களின் மானத்தைக் கணக்கு ஏட்டிலேயே காத்த அந்தத் தாயைப் பற்றித் தனியே ஒரு பேச்சு நிகழ்த்தலாம்.

தந்தையில்லாச் சிறுவன் அந்தக் கடையில் கண்டதெல்லாம் நடுவயது மனிதரையும் முதியவரையுமே. அவர்கள் எப்படி அமர்ந்தனர், எப்படிச் சிரித்தனர், எப்படி வெட்கத்தை மறைத்துக்கொண்டு கடன் சொன்னார்கள் என்பதையெல்லாம் அவன் பார்த்திருப்பான். இது என் ஊகம். ஆயினும் பின்னர் நிகழ்ந்ததை நோக்கும்போது இந்த ஊகத்தை விட எனக்கு மனம் வரவில்லை.

இளைஞர் சோய் சொராபோல் கலைக் கல்லூரியில் நாடகம் பயின்றார். நாடகத்தை இயக்குவதே அவருடைய விருப்பம், நடிப்பதன்று. ஆனால் மாணவர் நாடகம் ஒன்றில் கிழவர் வேடம் ஏற்க ஆள் கிடைக்கவில்லை, இவரே ஏற்றார். அன்று தொடங்கியது.

பள்ளி ஆண்டு விழாவுக்கு நாடகம் பழக்கியவர்களுக்கு இந்தச் சங்கடம் நன்கு தெரியும். அரசன் வேடத்துக்குப் பத்துப் பையன்கள் கையைத் தூக்குவார்கள். தளபதிக்கும் போட்டி உண்டு. கிழவர் வேடம் என்றால் வகுப்பே தரையைப் பார்க்கும். கடைசியில், மறுக்கத் தெரியாத ஒரு பையனைப் பிடித்து, பஞ்சுத் தாடியை ஒட்டி, கையில் தடியைக் கொடுத்து, "முதுகை வளைத்துக்கொண்டு இரும, அவ்வளவுதான்" என்று சொல்லி மேடைக்கு அனுப்பிவிடுவோம். நான் அவ்வாறு பல பையன்களை அனுப்பியிருக்கிறேன். முதுமை என்பது வளைந்த முதுகும் இருமலுமே என்று அவர்களுக்கு நான் கற்பித்துவிட்டேனே என்று, எனக்கே முதுமை வந்தபின் வருந்தியதுண்டு.

சோய் புல்-ஆம் இருமவில்லை. 1967-ஆம் ஆண்டில் கே.பி.எஸ். என்னும் அரசுத் தொலைக்காட்சியில் 'சூயாங் இளவரசர்' என்ற வரலாற்று நாடகம் ஒளிபரப்பாயிற்று. 1453-ஆம் ஆண்டில் சூயாங் என்னும் அரச குடும்பத்தவன், சிறுவனான அண்ணன் மகனிடமிருந்து ஆட்சியைப் பறிக்கத் திட்டமிட்டு, சிறுவனுக்குக் காவலாய் நின்ற கிம் சோங்-சோ என்னும் அமைச்சரை முதலில் வீழ்த்தினான். எழுபது வயது வாய்ந்த அந்த அமைச்சரின் வேடம் சோய்க்குக் கிடைத்தது. அவருக்கு வயது 27. 'பெரும்புலி' என்று பெயர் பெற்ற அமைச்சர் அவர். வளைந்த முதுகு அங்கே உதவாது. உடலில் தளர்ச்சியும் கண்ணில் அதிகாரமும் ஒருங்கே வேண்டும். அந்த வேடத்தில் அவர் காலூன்றினார். அதன்பின் இளைஞர் வேடத்துக்கு அவரை அழைப்பாரில்லை. காதலித்துப் பாடும் வயதில் அவர் பேரப்பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருந்தார். வீட்டு வாழ்வில் மட்டும் இளைஞராகவே இருந்து, 1970-இல் கிம் மின்-ஜா என்ற நடிகையை மணந்துகொண்டார்.

1971-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் எம்.பி.சி. நிறுவனம் 'புலனாய்வுத் தலைவர்' என்ற தொடரைத் தொடங்கியது. காவல்துறையின் மெய்யான வழக்குகளைத் தழுவி எழுதப்பட்ட கதைகள். முப்பதே வயதான சோய், நான்கு துப்பறிவோர் கொண்ட குழுவின் தலைவரானார். அந்தப் பாத்திரத்தின் பெயர் பாக் யோங்-ஹான். நீங்கள் கவனித்தீர்களா? பெற்றோர் தமக்கிட்ட யோங்-ஹான் என்ற பெயரைத் தாம் விட்டுவிட, அது கதைமாந்தருக்குப் போய்ச் சேர்ந்தது! இடையில் சிறிது காலம் நின்று மீண்டும் தொடங்கிய அத்தொடர் 1989 அக்டோபர் வரை நடந்தது. மொத்தம் 880 பகுதிகள். குற்றவாளியைப் பிடிப்பதோடு கதை முடிவதில்லை. வறுமையால் திருடியவன் முன் அமர்ந்து, அவனை விலங்கிட நேர்ந்ததற்காகத் தலைவர் வருந்துவார். மக்கள் அந்த வருத்தத்தையே விரும்பிப் பார்த்தனர்.

அத்தொடருக்கு இருந்த செல்வாக்குக்கு ஒரு சான்று. சோய் தாமே பலமுறை சொன்ன நிகழ்ச்சி இது. ஒருநாள் நாட்டுத் தலைவர் பாக் சுங்-ஹீயின் மனைவியார் யூக் யோங்-சூ தொலைபேசியில் அவரை அழைத்தாராம். நாடகத்தில் நீங்கள் சுருட்டுப் பிடிக்கும்போதெல்லாம் என் கணவரும் ஒன்றைப் பற்றவைக்கிறார். சற்றுக் குறைத்துக்கொள்ளலாகாதா என்று கேட்டாராம். அந்த அம்மையார் 1974 ஆகஸ்டில் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார். கணவரும் 1979 அக்டோபரில், தம் உளவுத் துறைத் தலைவராலேயே சுடப்பட்டு இறந்தார்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஆண்டுகளில் கொரியாவில் நடந்தது படையாட்சி. நாடகத்தில் தோன்றிய காவல்துறைத் தலைவர் கனிவே உருவானவர். வெளியே இருந்த காவல்துறை அப்படியன்று. இத்தொடர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1987 ஜனவரியில், சியோல் தேசியப் பல்கலைக்கழக மாணவர் பாக் ஜோங்-சோல் காவல்துறையினரின் சித்திரவதையில் இறந்தார். மேசையை ஓங்கித் தட்டியதும் மாணவர் விழுந்து இறந்துவிட்டார் என்று அதிகாரிகள் முதலில் கூசாமல் கூறினர். அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் நாடே தெருவில் இறங்கியது. உங்கள் வயதுடையோர்தாம் முன்னே நின்றனர். அப்படியானால் அந்தக் கனிவான தலைவர் பொய்யா? பொய்ம்முகத்துக்குப் பூசிய வண்ணமா? நான் இக்கேள்வியை நெடுநேரம் எண்ணினேன். அவர் ஆட்சியாளருக்குப் பயன்பட்டிருக்கலாம் என்பதை மறுக்க இயலாது. ஆயினும் காவலன் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று வாரந்தோறும் பார்த்துப் பழகிய மக்களுக்கு, அவன் அப்படி இல்லாதபோது சினம் பெருகியிருக்கும் என்றும் தோன்றுகிறது. எது பெரிது என்று அளந்து சொல்லும் தராசு என்னிடம் இல்லை.

இனி அவர் வாழ்வின் நடுப்பகுதிக்கு வருவோம். 1980-ஆம் ஆண்டு மே மாதத்தில் குவாங்ஜூ நகரில் உரிமை கேட்ட மக்களைப் படை சுட்டு வீழ்த்தியது. ஐந்து மாதம் கழித்து, அக்டோபர் 21-ஆம் நாள், அதே எம்.பி.சி.யில் மிக அமைதியான ஒரு நாடகம் தொடங்கியது. 'நாட்டுப்புற நாட்குறிப்பு' என்று அதன் பெயரை நாம் தமிழாக்கலாம். யாங்சோன் என்பது கதையில் வரும் சிற்றூர். அங்கே ஓர் உழவர் குடும்பம். மூதாட்டியான தாய், மகன், மருமகள், அவர்களுடைய மக்கள், மருமக்கள், பேரர் எனப் பல தலைமுறையினர் ஒரு கூரையின் கீழ் வாழ்கின்றனர். வீட்டுத் தலைவரை ஊரார் 'கிம் தலைவர்' என்று அழைப்பர். தலைவர் என்றதும் பெரிய நிறுவனத்துக்குத் தலைவர் என எண்ணவேண்டா. மண்வெட்டி பிடித்த கைதான். அந்த வேடம் சோய் புல்-ஆமுக்கு வந்தது. அவருக்கு வயது 40. மனைவியாக நடித்த கிம் ஹே-ஜா அவரினும் ஓராண்டு இளையவர். தாயாக நடித்த ஜோங் ஏ-ரான் அவரைவிடப் பதின்மூன்று ஆண்டுகளே மூத்தவர்! அண்டை வீட்டுக் கிழவியாக வந்த கிம் சூ-மி முப்பதை ஒட்டிய வயதினர். தமக்கு மகனாக நடித்தவரைவிடவும் இளையவர். ஓர் ஊரையே இளைஞர்கள் கூடி முதுமையாக்கினார்கள். அவர்களும் அவ்வூரிலேயே, திரையின் முன்பாகவே, மெய்யாக முதுமை எய்தினார்கள். ஏனெனில் அத்தொடர் 2002 டிசம்பர் 29 வரை, இருபத்திரண்டு ஆண்டுகள், 1088 பகுதிகள் நடந்தது.

அதில் என்னதான் நடந்தது என்று கேட்டால் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. நாற்று நடுவார்கள். மருமகள் மனம் வருந்துவாள். மாடு விற்பார்கள். ஒரு பகுதியில் அவ்வீட்டுக்கு முதன்முதலாகத் தொலைபேசி வருகிறது. எல்லோரும் யார் யாருக்கோ பேசி மகிழ்கிறார்கள். இரவில் யாவரும் உறங்கியபின் வீட்டுத் தலைவி தனியே வந்து தொலைபேசியை எடுத்து, என்றோ இறந்துபோன தன் தாயிடம் பேச வேண்டும் என்கிறாள். அக்காட்சி சோயுடையதன்று; கிம் ஹே-ஜாவினுடையது. பின்னாளில் 2009-இல் 'மதர்' என்ற திரைப்படத்தால் உலகறிந்தவர் அவர். ஆனாலும் இந்த நாடகத்தின் தரம் எத்தகையது என்று காட்ட அந்த ஒரு காட்சி போதும் என்பதால் குறிப்பிட்டேன். மறுமொழி வராத தொலைபேசி!

இத்தகைய நாடகத்தை இருபத்திரண்டு ஆண்டுகள் மக்கள் ஏன் பார்த்தனர்? 1980-இல் அந்நாட்டு மக்களில் பாதிக்குச் சற்று அதிகமானோர் நகரங்களில் வாழ்ந்தனர். 2000-ஆம் ஆண்டளவில் பத்துப் பேரில் எட்டுப் பேர் நகரத்தார். நாடகம் நடந்த காலத்திலேயே நாட்டுப்புறம் காலியாகிக்கொண்டிருந்தது. நகரத்து ஆலையில் வேலை முடித்து, அடுக்குமாடிச் சிற்றறையில் உண்ண அமர்ந்தவன் தொலைக்காட்சியைத் திருப்பினால், தான் விட்டுவந்த முற்றமும், தான் விட்டுவந்த தந்தையும் அங்கே இருந்தனர். அவர் வைதாலும் அது இன்பமாக இருந்தது. எட்டு வயதில் தந்தையை இழந்தவர், ஒரு நாட்டுக்கே தந்தையானார். கிம் ஹே-ஜாதான் அவர் மனைவி என்றே பலர் நம்பினர். வீட்டில் வேறொரு மனைவியார் இருப்பதை நினைவூட்ட வேண்டியிருந்தது.

இந்த நம்பிக்கை அவரை ஓர் இக்கட்டில் கொண்டு நிறுத்தியது. ஒரு பகுதியில் கிம் தலைவர் திக்கற்ற சிறுவன் ஒருவனை வீட்டுக்கு அழைத்து வந்து மகனாக வளர்க்கிறார். சிறுவன் பெயர் கும்-தோங். அதைக் கண்ட மக்கள் சோய் புல்-ஆமைப் பாராட்டத் தொடங்கினர். எழுதியவர் ஒருவர், இயக்கியவர் ஒருவர். இவர் செய்தது நடிப்பு. வழியில் கண்டோரெல்லாம் எவ்வளவு நல்லவர் என்று கையைப் பற்றிக்கொண்டால் மனிதன் என்ன செய்வான்? "அது நாடகம், ஐயா" என்று சொல்லி விலகலாம். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் விலகவில்லை. திக்கற்ற குழந்தைகளைப் பேணும் அறநிலையம் ஒன்று, இப்போது 'பசுமைக் குடை' எனப்படுவது, அவரை நாடியபோது இசைந்தார். 1980-களில் அதனுடைய புரவலர் குழுவுக்குத் தலைவரானார். நாற்பது ஆண்டு நெருங்கியும் அப்பணி தொடர்ந்தது. தகுதியின்றிப் பெற்ற பாராட்டு ஒரு கடன் என்று அவர் கொண்டார் போலும். மதுக்கடைக் கணக்கு ஏட்டைக் கண்ட மகன் அல்லவா?

எல்லாக் கடனும் இப்படி நல்லபடியாகத் தீரவில்லை. ஹியுண்டாய் நிறுவனத்தைத் தோற்றுவித்த செல்வர் ஜோங் ஜூ-யோங் ஒரு கட்சி தொடங்கினார். அதன் சார்பில் 1992-இல் சோய் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1996-இல் வேறொரு கட்சியின் வேட்பாளராகச் சியோலின் யோங்துங்போ தொகுதியில் நின்றார். நாடே அப்பா என்று கொண்டாடும் முகம். எதிரே முப்பதைச் சற்றே கடந்த, கிம் மின்-சோக் என்னும் இளைஞர். இளைஞர்தாம் வென்றார். தந்தையாக ஏற்றுக்கொண்ட மக்கள், தம் சார்பாளராக ஏற்க மறுத்துவிட்டனர். எனக்கு இது மக்களின் அறிவுடைமையாகவே படுகிறது. நடிகர்களை ஆட்சியில் அமர்த்திப் பழகிய நாட்டில் இருந்துகொண்டு இதைச் சொல்கிறேன். நீங்கள் வேறு விதமாகவும் எண்ணலாம். அதன்பின் அவர் தேர்தல் பக்கம் திரும்பவில்லை.

'நாட்டுப்புற நாட்குறிப்'பின் முதற் பகுதிக்கு 'கைதட்டும்போதே விடைபெறு' என்று பொருள்படும் தலைப்பு இருந்தது. எழுதியவர் நாடகாசிரியர் சா போம்-சோக். 1088-ஆம் பகுதியாகிய இறுதிப் பகுதியின் தலைப்பு, 'கைதட்டும்போது விடைபெற எண்ணினாலும்' என்பதாகும். அந்த 'எண்ணினாலும்' என்ற சொல்லில் எவ்வளவு அயர்வு! கடைசி ஆண்டுகளில் பார்ப்போர் தொகை குறைந்துவிட்டது. நாட்டுப்புறத்தை விட்டுவந்தவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளுக்கு அம்முற்றம் தங்களுடையது அன்று.

அத்துடன் அவர் ஓய்ந்திருந்தாலும் யாரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். ஆனால் 2011 ஜனவரியில், எழுபது வயதில், கே.பி.எஸ்.ஸில் 'கொரியரின் உணவு' என்ற நிகழ்ச்சியை நடத்தப் புறப்பட்டார். இதில் வேடம் இல்லை. வாரம் ஓர் ஊர். மலையூரோ, மீனவர் குப்பமோ, தீவோ, அங்குள்ள பாட்டிமார் பரம்பரையாகச் சமைத்துவரும் உணவைக் கேட்டறிந்து, தரையில் அமர்ந்து, உண்டு, அதன் கதையைச் சொல்வார். மண் சாடியில் ஊறும் சோயாத் துவையல், பனிக்காலத்துக்கென்று இட்டுவைக்கும் கிம்ச்சி, பஞ்ச காலத்தில் பசியாற்றிய காட்டுக் கீரை. இருபத்திரண்டு ஆண்டுகள் உழவராக நடித்தவர் இப்போது மெய்யான உழவர் ஊர்களுக்குச் சென்றார். அங்கே பெரும்பாலும் முதியவர்களே எஞ்சியிருந்தனர். அவர்களோ கிம் தலைவர் வீட்டுக்கு வந்ததாகவே எண்ணி வரவேற்றனர். பதினான்கு ஆண்டுகள், ஏறத்தாழ எழுநூறு வாரங்கள் இது நடந்தது. 2025 ஏப்ரலில், வரலாற்று நாடகங்களில் அரசராக நடித்துப் பெயர் பெற்ற சோய் சூ-ஜோங் என்பவரிடம் அந்த இருக்கையை ஒப்படைத்தார். அப்போது அவருக்கு 85 வயது நிறையும் தறுவாய்.

பெயரைப் பற்றி முன்னே சொன்னேன் அல்லவா? புல்-ஆம் மலை அமைந்த நகரப் பகுதியின் ஆட்சியினர் 2009-இல் அவரை அம்மலைக்குக் 'கௌரவ உரிமையாளர்' ஆக்கினர். அவர் அதற்கு எழுதித் தந்த சில அடிகள் மலையில் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. இவ்வளவு உயர்ந்த மலையின் பெயரை அதன் இசைவு கேளாமல் எடுத்துக்கொண்டதற்கு வெட்கப்படுவதாக அதில் சொல்லியிருக்கிறார். விளையாட்டாக எழுதியதாகவும் கொள்ளலாம்.

மீண்டும் என் பேத்தியின் கைப்பேசிக்கு வருகிறேன். அவள் பார்த்த நாடகம், பழைய 'புலனாய்வுத் தலைவர்' கதைக்கு முற்பட்ட கதையாக எம்.பி.சி. நிறுவனம் 2024-இல் எடுத்தது. பாக் யோங்-ஹானின் இளமைப் பருவம் அதில் வருகிறது. நடித்த இளைஞர் லீ ஜே-ஹூன். முதிய பாக் யோங்-ஹானாகச் சில நிமிடங்கள் வந்தவர்தான் சோய் புல்-ஆம். முப்பது வயதில் ஒப்பனையால் முதிர்ச்சி பூண்ட அதே பாத்திரத்துக்கு, இப்போது ஒப்பனை எதுவும் வேண்டியிருக்கவில்லை. இறுதிப் பகுதியில் அவர் மீண்டும் வருகிறார்; தம்முடன் பணியாற்றி மறைந்த துப்பறிவோருக்கு மலர் வைக்கிறார். அந்தப் பழைய குழுவில் நடித்த நாம் சோங்-ஹூன் 2002-இலும், ஜோ கியோங்-ஹ்வான் 2012-இலும், கிம் சாங்-சூன் 2015-இலும் மெய்யாகவே இறந்துபோனவர்கள்.

இவையெல்லாம் சொன்னபின் பேத்தி அந்தக் காட்சியைத் திருப்பி வைத்து இன்னொரு முறை பார்த்தாள். பிறகு பழைய 'புலனாய்வுத் தலைவர்' பகுதிகள் கிடைக்குமா என்று தேடத் தொடங்கினாள். அக்காலத்தில் ஒளிநாடாவின் விலை மிகுதி. ஒன்றை ஒளிபரப்பியபின் அதே நாடாவில் வேறொன்றைப் பதிந்துவிடுவார்கள். 880 பகுதிகளில் மிகப் பல இவ்வாறு அழிந்தன. அகப்பட்டவற்றில் ஒன்றை, சொல் ஒன்றும் புரியாமலே, நாங்கள் இருவரும் அன்றிரவு பார்த்தோம். கறுப்பு வெள்ளைப் படம். மழைக்கால மேலங்கி அணிந்த ஒருவர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். "தாத்தா, இவருக்கு இங்கே என்ன வயது?" என்று கேட்டாள். முப்பத்தைந்துக்கு மேல் இராது என்றேன். அவள் நம்பவில்லை.